நாற்பத்தொன்றாம் பக்கம்

“உங்க புத்தகத்துல படம் வந்தா என்ன பண்ணுவீங்க, மாமா?”

இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. கேட்கப்பட்டவர் சிரித்தார், ஒரு பதிலும் சொன்னார். பக்கத்தில் இருந்த தாய் அந்தப் பதிலைக் காதில் வாங்கி, மனத்தின் ஏதோ மூலையில் போட்டுவிட்டு, எட்டு வருடம் மறந்தே போனார். ஒரு வியாழக்கிழமை பிற்பகல் ஒன்றரை மணிக்கு அது மறுபடி நினைவுக்கு வந்தது. அதனால் குற்றமற்ற ஒருத்தி சிறைக்குப் போகவில்லை.

அந்தத் தாய் நாடாளுமன்றக் காவல் பிரிவின் ஆய்வாளர். அவர் கைப்பையில் எப்போதும் ஊசியும் நூலும் இருக்கும். அதனால் ‘ஊசி மேடம்’ என்று பெயர். அவர் கேள்வி கேட்கும் விதத்தால் வந்த பெயர் என்பாரும் உண்டு.

வியாழன், காலை 9.10

இரண்டாம் மாடி வாசிப்பறை. ஓர் இரும்பு அலமாரி, நீள மேசை, பன்னிரண்டு நாற்காலிகள், ஒரே ஒரு ஜன்னல். ரகசிய அறிக்கைகளை உறுப்பினர்கள் இங்கே வந்துதான் படிக்க வேண்டும். பேனா கூடாது, கைபேசி கூடாது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாதபடி தடித்த பழுப்புக் காகிதக் கட்டு ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆய்வாளர் அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தார். வாசலில் ஒரு கணம் நின்று, வழக்கம்போல வாய்க்குள் சொல்லிக்கொண்டார்: ‘ஆண்டவனே, உண்மையைக் காட்டு. எனக்குப் பிடிச்சதைக் காட்டாதே.’

மேசைமேல் அன்றைய செய்தித்தாள் விரிந்து கிடந்தது.

விஷயம் இதுதான். அண்டை நாட்டின் எல்லையோரத் தொழிற்சாலை ஒன்றில் விஷவாயு தயாராகிறது, அதைக் குண்டு வீசி அழிக்க வேண்டும், போர் தொடங்க அவை ஒப்புதல் தர வேண்டும் என்றது அரசு. வாக்கெடுப்பு இன்று மாலை நான்கு மணிக்கு. ஆதாரம், உளவுத்துறையின் நாற்பது பக்க அறிக்கை. ‘அதில் ஒரு வரியில்கூட ஐயமில்லை’ என்று அமைச்சர் மூன்று நாளாக முழங்கிக்கொண்டிருந்தார். ஆனால் அறிக்கைக்கு நாற்பத்தொன்றாம் பக்கம் ஒன்று உண்டு என்று செய்தித்தாள் கோப்பு எண்ணோடு அச்சடித்துவிட்டது. அது நேரில் போன உளவு அதிகாரிகள் இருவரின் மறுப்பு:

‘நாங்கள் இருவரும் அந்த இடத்துக்கு நேரில் போனோம். அது சாயப்பட்டறை. விஷவாயுவுக்கான அடையாளம் எதையும் காணவில்லை. அறிக்கையின் முடிவை நாங்கள் ஏற்கவில்லை. இவ்விடத்தில் ஒரு வரைபடம். நடுவில் சதுரமான கட்டடம், மூன்று புகைபோக்கிகள். தெற்கே ஓடை. ஓடைக்கு அப்பால் பள்ளிக்கூடம்.’

“பச்சைப் பொய்,” என்றார் ரகசிய அறிக்கைகளுக்குப் பொறுப்பான குழுவின் செயலர். உயரமானவர், சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. இடது கட்டைவிரலில் மட்டும் சிறு பிளாஸ்திரி. “பன்னிரண்டு பிரதியையும் எண்ணியாச்சு. எல்லாத்துலயும் நாற்பதே பக்கம். நாற்பத்தொண்ணு எங்கேயும் இல்ல.”

“அப்போ எதுவும் காணாமப் போகலையே, சார்?”

“கோப்பு எண் வெளியே போயிருக்கே! உள்ளே வந்து போற ஆளுதான் சொல்லியிருக்கணும். எண்ணை எடுத்துக் குடுத்து, மிச்சத்தைக் கற்பனை பண்ணியிருக்காங்க. அலமாரிச் சாவி ஒரே ஒருத்தர்கிட்ட.”

அந்த ஒருத்தர் மூலையில் உட்கார்ந்திருந்தார். வாசிப்பறைக் காப்பாளர், ஐம்பது தாண்டியவர், எல்லோருக்கும் சாவியக்கா. காவலர் யாரோ தோளைப் பிடித்து இழுத்ததில் ரவிக்கைக் கையின் பொத்தான் அறுந்து தொங்கியது.

“இவங்க பையன் ராணுவத்துல இருக்கான், எல்லையில,” என்றார் செயலர். “போன வாரம் கேன்டீன்ல எல்லார் முன்னாடியும் என்ன சொன்னாங்க தெரியுமா?”

“நானே சொல்றேன்,” என்றார் சாவியக்கா. “என் பிள்ளையை அனுப்பறதுக்கு முன்னாடி, எதுக்கு அனுப்பறோம்னு சரியாப் பாத்துக்கங்கன்னேன். இப்பவும் அதையேதான் சொல்றேன். அதுக்கு ஜெயில்னா போறேன்.”

“பத்திரிகைக்காரங்ககிட்ட பேசினீங்களாக்கா?” என்றார் ஆய்வாளர்.

“இல்ல.”

“அறிக்கையைப் படிச்சீங்களா?”

“காப்பாளர் படிக்கக் கூடாதுன்னு விதி. இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு வரி படிச்சதில்ல. தைக்கிறது மட்டும்தான் நான்.”

“கையை நீட்டுங்க.” ஆய்வாளர் ஊசியில் நூல் கோத்து, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பொத்தானைத் தைக்கத் தொடங்கினார்.

செயலருக்குப் பொறுக்கவில்லை. “விசாரணை நடக்குதா, தையல் கிளாஸ் நடக்குதா? நாலு மணிக்குள்ள இவங்களைப் போலீஸ்ல ஒப்படைக்கணும். வாக்கெடுப்புக்கு முன்னாடி அவைக்குத் தெரியணும்.”

“இப்ப மணி ஒன்பதே கால்தானே சார்,” என்றார் ஆய்வாளர், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

காலை 10.30

பன்னிரண்டு பிரதிகளும் மேசையில் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் சிவப்பு வட்ட முத்திரை, பிரதி எண். தாளை உருவ முடியாதபடி இடது ஓரத்தில் வெள்ளை நூலால் தைத்திருந்தார்கள். ஆய்வாளர் எழுத்தைப் படிக்கவில்லை. ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனார்.

“சாவியக்கா, ஒரு பிரதிக்கு எத்தனை துளை போடுவீங்க?”

“மூணு.”

“இங்க ஆறு இருக்கு. மூணுல நூல் ஓடுது. மூணு சும்மா இருக்கு.”

சாவியக்கா குனிந்து பார்த்தார். “இது என் முடிச்சே இல்லையேம்மா. நான் ஒரு முடிச்சுப் போட்டு உள்ளே தள்ளிருவேன். இது ரெட்டை முடிச்சு, மேல துருத்திக்கிட்டு நிக்குது. யாரு தைச்சா இந்த லட்சணத்துல?”

ஆய்வாளர் பன்னிரண்டையும் புரட்டினார். எல்லாவற்றிலும் ஆறு துளை. ஏழாம் பிரதியின் ஓரத்தில் கடுகளவு பழுப்புக் கறை.

பதிவேட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: ‘செவ்வாய், 10.10 முதல் 12.40 வரை, பன்னிரண்டு பிரதிகளும் செயலர் அறையில்.’

“நூல் தளர்ந்திருந்துச்சு, தைக்கச் சொன்னேன்,” என்றார் செயலர்.

“யாரை?”

“அலுவலகத்துல ஆளா இல்ல?”

“கட்டைவிரல்ல என்ன சார்?”

“காகிதம் கிழிச்சிருச்சு.”

ஆய்வாளர் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதினார். ‘பத்திரிகைக்குக் கொடுப்பவனுக்கு ஒரு பிரதி போதும். மறைப்பவனுக்குத்தான் பன்னிரண்டும் வேண்டும்.’

ஆனால் வெறும் துளைகள் என்ன சொல்லும்? மறுபடி தைத்தார்கள் என்று சொல்லும். ஒரு பக்கம் இருந்தது என்று சொல்லாது.

பகல் 12.15

அவையில் நடப்பது தாழ்வாரத்து ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் என்ன தயாராகிறது என்று ஒருவரும் பேசவில்லை. யார் காட்டிக்கொடுத்தது என்பதே பேச்சு. “துரோகி!” என்றது ஒரு பக்கம். “பக்கத்தைக் காட்டு!” என்றது மறுபக்கம்.

படியேறி ஒரு முதிய பெண் உறுப்பினர் வந்தார். கறுப்புக் கண்ணாடி, ஒரு கையில் தடி, மறு கை உதவியாளரின் தோளில். ஆளுங்கட்சிதான், ஆனால் ஆளுங்கட்சியே அவர் வாய்க்குப் பயந்தது. ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டு அன்றுதான் அவைக்குத் திரும்பியிருந்தார்.

“யாரும்மா அது, ஊசியா? இரும்பு அலமாரி வாடை அடிக்குது உன் மேல.”

“ஆமாம்மா. உடம்பு எப்படி இருக்கு?”

“உடம்பு கிடக்கு. ரேடியோவைக் கேட்டுத்தான் ரத்தக் கொதிப்பு. எங்க அமைச்சர் தம்பி காலையில சொல்றாரு, அந்தப் பக்கம் பொய்யாம். மத்தியானம் சொல்றாரு, அதைத் திருடினவளைத் தூக்கில போடணுமாம். பொய்யின்னா திருட்டு இல்ல. திருட்டுன்னா பொய் இல்ல. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுப்பான்னா, கட்சிக் கட்டுப்பாடுங்கறாரு.” தடியை ஒரு தட்டுத் தட்டினார். “நான் இன்னும் அறிக்கையையே படிக்கல. படிக்காம கை தூக்க மாட்டேன். அதுவும் பிள்ளைங்களைச் சாகக் குடுக்கறதுக்கு.”

பிற்பகல் 1.30

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு ஆய்வாளர் செய்தியை ஐந்தாம் முறையாகப் படித்தார். ‘இவ்விடத்தில் ஒரு வரைபடம்.’

கை அப்படியே நின்றது.

ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதுகிறவன் வரைபடத்தை வரைவான், அல்லது விட்டுவிடுவான். போட்டோ எடுத்தால் படமே வந்துவிடும். படத்தை யார் வாக்கியமாக எழுதுவார்கள்?

எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மருத்துவமனை நினைவுக்கு வந்தது. மகள் மாடிப்படியில் விழுந்து, இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டு ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தாள். பயத்தில் கத்திக்கொண்டே இருப்பாள். பக்கத்துக் கட்டில் நோயாளியின் கணவர், பார்வை இல்லாதவர், தினமும் வந்து தன் புள்ளிப் புத்தகத்தை விரலால் தடவி அவளுக்குக் கதை வாசித்தார். படம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டது அவரிடம்தான்.

“படமும் எழுத்தாவே இருக்கும் பாப்பா. இங்க பாரு: இவ்விடத்தில் ஒரு படம். படகு. மஞ்சள் பாய். நுனியில் ஒரு காக்கை. அவ்வளவுதான்.”

“மஞ்சள் நீங்க பாத்திருக்கீங்களா?”

“பாத்ததில்ல. படகையும்தான் பாத்ததில்ல. ஒரு நாள் தொட்டாவது பாக்கணும்.”

பத்தாம் நாள் கட்டுப் பிரித்தார்கள். அதற்கு முந்தின மாலையே அவர் மனைவியை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தார். நன்றி சொல்ல ஆய்வாளர் தேடியபோது கட்டில் காலியாக இருந்தது.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

பிற்பகல் 1.45

கீழ்த்தளத்தின் கோடியில் ஓர் அறை. விளக்கு எரியவில்லை, உள்ளே ‘டக், டக்’ என்று ஆறு விசை தட்டச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பார்வையற்ற உறுப்பினருக்காக அவையின் ஆவணங்களைப் பிரெய்லியில் அடிப்பவர் இங்கே இருந்தார். புள்ளியண்ணன் என்பார்கள்.

“யாருங்க? விளக்கு ஸ்விட்ச் இடப்பக்கம். எனக்கு அது பழக்கமில்ல, மன்னிச்சுக்கங்க.”

அந்தக் குரல். ‘நான் அந்தப் பாப்பாவோட அம்மா’ என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. விசாரணை அதிகாரியாக நிற்கும்போது சொன்னால் அது நன்றியாக இருக்காது, பேரமாகிவிடும்.

“காவல் பிரிவு. உளவு அறிக்கையை நீங்கதான் அடிச்சீங்களா?”

“ஆமா. திங்கட்கிழமை உளவுத்துறை ஆளே வந்து வாசிச்சாரு, நான் அடிச்சேன். வரைபடத்தையும் அவரே சொன்னாரு.”

“எத்தனை பக்கம்?”

“அச்சுல நாற்பத்தொண்ணு. என் கணக்குல நூத்தி இருபத்தி நாலு தாள். சாயங்காலம் செயலர்கிட்ட குடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அந்த நோட்டு அலமாரி மேல இருக்கு, பாருங்க.”

இருந்தது. ‘124 தாள்கள் பெற்றுக்கொண்டேன்.’ செயலரின் கையெழுத்து.

“பத்திரிகைக்குப் படிச்சுக் காட்டினது யாரு?”

இயந்திரத்தின் மேலிருந்து அவர் விரலை எடுத்தார். “நான்தான். செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் அமைச்சர் ரேடியோல, ஒரு வரியிலகூட ஐயமில்லைங்கறாரு. என் விரல் தொட்ட பக்கம் இல்லாத மாதிரியே பேசறாரு. கடைசித் தாள்கள்ல ஓரம் கிழிஞ்சதை மாத்தி வேற அடிச்சிருந்தேன். கிழிஞ்சது கையில இருந்துச்சு. போன் போட்டு வாசிச்சுட்டேன்.”

“தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?”

“ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம்னு அடிச்சதும் இந்தக் கைதான் மேடம். அதுக்கு மேல தெரிய என்ன இருக்கு?”

“சாவியக்காவைப் பிடிச்சு வெச்சிருக்காங்க.”

அவர் முகம் மாறியது. தடியைத் தேடி எழுந்தார். “எனக்கு யாரும் சொல்லலையே! வாங்க போவோம். என் பேரை எழுதிக்கங்க. அந்தம்மா பாவம், வெளியில இருந்து டீ வாங்கினா எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வர்றவங்க.”

“உக்காருங்கண்ணே,” என்றார் ஆய்வாளர் மெதுவாக. “எழுதிக்கிட்டேன். அந்த நூத்தி இருபத்தி நாலு தாள் இப்போ எங்கே?”

“மேலதான் இருக்கணும். தடியான பழுப்புத் தாள். கயிறு போட்டுக் கட்டியிருப்பேன்.”

ஆய்வாளர் ஓடினார்.

பிற்பகல் 3.10

அவைத்தலைவரின் அறை. களைத்த முகத்துடன் நாற்காலியில் அவைத்தலைவர்; நின்றுகொண்டு செயலர்; ஓரத்தில் சாவியக்காவும் புள்ளியண்ணனும். கறுப்புக் கண்ணாடி உறுப்பினர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். நடுவில், மேசைமேல், கயிறு கட்டிய பழுப்புக் கட்டு. மேல் தாளில் செருப்புத் தடம்.

“ஒருத்தர் பேரைத்தான் கேட்டேன்,” என்றார் அவைத்தலைவர். “கூட்டத்தையே கூட்டிட்டு வந்திருக்கீங்க.”

“திருடினவர் ஒருத்தர்தான் ஐயா. செயலர்.”

செயலர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“திங்கட்கிழமை அறிக்கைக்கு நாற்பத்தொரு பக்கம். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பிரதியும் இரண்டரை மணி நேரம் இவர் அறையில. வெளியே வந்தப்போ நாற்பது பக்கம், ஆறு துளை, பழக்கமில்லாத கை போட்ட ரெட்டை முடிச்சு. வேற யாரையும் நம்பித் தைக்கக் குடுக்க முடியாதே, அவரே தைச்சாரு. ஊசி குத்தின விரல் இதோ. ஏழாம் பிரதியில கறை இருக்கு, சோதிச்சுப் பாக்கலாம்.”

“ஊகம்!” என்றார் செயலர். “நாற்பத்தொண்ணுன்னு ஒண்ணு இருந்ததுக்கு என்ன ஆதாரம்?”

“உங்க கையெழுத்து. நூத்தி இருபத்தி நாலு தாள் வாங்கினீங்க. ஓரத்தை எண்ணிப் பாத்தேன், கட்டுல இப்பவும் நூத்தி இருபத்தி நாலு இருக்கு, கயிறு அவிழாம. பன்னிரண்டைத் தேடித் தேடிக் கிழிச்சீங்க. பதின்மூணாவதைக் காலால தள்ளிக் கதவுக்கு முட்டுக் குடுத்தீங்க. உறுப்பினர் ஆஸ்பத்திரியில இருக்காங்க, வர மாட்டாங்கன்னு நினைச்சீங்க. அதை ஒரு பிரதியாவே உங்களுக்குத் தோணலை.”

கறுப்புக் கண்ணாடி உறுப்பினர் கையை நீட்டினார். “என் பிரதியை இப்படிக் குடு.”

கயிற்றை அவிழ்த்துக் கடைசித் தாள்களை மடியில் வைத்தார். விரல் வரி வரியாக நகர்ந்தது. “‘நாங்கள் இருவரும் அந்த இடத்துக்கு நேரில் போனோம். அது சாயப்பட்டறை…’” பள்ளிக்கூடம் என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு செருப்புத் தடம் பட்ட மேல் தாளைத் தடவினார். “மண்ணு நெருடுது. செயலர் தம்பி, ஒரு மாசமா நான் படுத்த படுக்கையில கிடந்தேன். என் வீட்டுக் கதவுக்குக்கூட படிக்கிற தாளை யாரும் முட்டுக் குடுத்ததில்ல.”

செயலர் புள்ளியண்ணனைக் காட்டினார். “அப்போ ரகசியத்தை வெளியே விட்டது இவன்! சட்டப்படி இவனைப் பிடிங்க!”

“நான்தான் விட்டேன்,” என்றார் புள்ளியண்ணன். “மறுபடி கேட்டாலும் வாசிப்பேன்.”

“சட்டத்தை நானும் பாத்தேன்,” என்றார் ஆய்வாளர். “ரகசிய ஆவணம்னா ஒவ்வொரு பக்கத்துலயும் முத்திரையும் பிரதி எண்ணும் இருக்கணும், பதிவேட்டுல ஏறியிருக்கணும். இதுல முத்திரை இல்ல. பதிவேட்டுல பன்னிரண்டுதான் இருக்கு. முத்திரை போடச் சொல்லிப் புள்ளியண்ணன் கேட்டப்போ நீங்க என்ன சொன்னீங்க சார்?”

புள்ளியண்ணன் சொன்னார்: “பாக்க முடியாதவங்களுக்கு எதுக்குய்யா முத்திரைன்னாரு.”

செயலர் பிடித்துக்கொள்ள நாற்காலியைத் தேடினார். “அமைச்சர் கேட்டார்,” என்றார், யாரையும் பார்க்காமல். “ஒரே ஒரு பக்கம்தானே, அது இருந்தா நாடு தயங்கும்னார். தயங்கற நாடு தோத்துப் போகும்னு நானும் நம்பினேன்.”

“கொல்றதுக்கு முன்னாடி தயங்கத்தான் சார் வேணும்,” என்றார் சாவியக்கா.

ஆய்வாளர் கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிச் செயலரிடம் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை ஆய்வாளர் டம்ளரைப் பிடித்துக்கொண்டார். குற்றவாளிக்கும் தாகம் எடுக்கும்.

அவைத்தலைவர் எழுந்தார். “சாவியக்கா, நீங்க வேலைக்குப் போங்க. புள்ளியண்ணே, நீங்களும். அம்மா, உங்களுக்கு அவையில முதல் பேச்சு.”

மாலை 4.00

“எந்தத் தாளிலிருந்து வாசிக்கிறீர்கள்?” என்று அமைச்சர் எழுந்து கத்தினார்.

“நீங்க கிழிக்க மறந்த தாள்லேர்ந்து,” என்றார் முதிய உறுப்பினர். “உக்காருங்க. நான் ஆளுங்கட்சிதான், ஊமைக்கட்சி இல்ல.”

பழுப்புத் தாளின்மேல் விரல் ஓடியது. கூச்சல் எழுந்தது, அவர் குரலை உயர்த்தவில்லை, விரலையும் எடுக்கவில்லை. ஓடை வந்தபோது கூச்சல் குறைந்தது. பள்ளிக்கூடம் வந்தபோது அது நின்றுவிட்டது. ஒலிபெருக்கியின் அடியில் சாவியக்கா இரண்டு கையாலும் சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகுதான் அவை மூன்று நாளாகப் பேசாத விஷயத்தைப் பேசியது: அந்தத் தொழிற்சாலையில் உண்மையில் என்ன இருக்கிறது? வாக்கெடுப்பு ஆறரைக்கு நடந்தது. போர்த் தீர்மானம் ஒன்பது வாக்கில் தோற்றது. நாளை வேறொரு அமைச்சர் வேறொரு அறிக்கையோடு வரக்கூடும். இன்று ஒரு பிள்ளையும் எல்லையைத் தாண்டவில்லை.

வெள்ளி, காலை 7.30

கீழ்த்தளத்துக் கோடியறை பூட்டப்படுவதில்லை. புள்ளியண்ணன் எட்டரைக்குத்தான் வருவார். தாழ்வாரத்தில் ஒருவரும் இல்லை.

ஆய்வாளர் கைப்பையிலிருந்து ஒரு கெட்டி அட்டையை எடுத்தார். அதன்மேல் நூல் தையல். அலைக்கு முறுக்கு நூல், படகுக்குத் தடித்த சணல், பாய்க்கு வழுவழுப்பான பட்டு நூல். பார்க்கிறவர் யாருமில்லை என்றாலும் அது மஞ்சள்தான். நுனியில் ஒரு காக்கை.

தட்டச்சு இயந்திரத்தின் பக்கத்தில், கை முதலில் படும் இடத்தில், அதை வைத்தார். பேர் எழுதவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை விரலால் தடவிப் பார்த்தார். காக்கையின் அலகில் ஒரு முடிச்சு நெருடியது. ஊசியை எடுத்து அதை உள்ளே தள்ளிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு மேலே போனார்.